ஒரு சொல்லுக்கு இருபது நாற்காலி

ஜூன் 9

அன்புள்ள வாயாடிக்கு,

அப்பா எழுதுவது. முதலில் என் மானக்கேடு ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உன் அம்மா முந்திக்கொள்வாள். நம் ஊர் நூலகத்தில் நீ பேசிய அன்று மைக் கொரகொர என்றதும் நான் மேடையேறிப் போய்த் தட்டினேன் இல்லையா? அன்று போட்டிருந்தது புது பேன்ட். தொடையில் நீளமாக ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நான் கிழிக்கவில்லை. முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு என்று இடுப்பு அளவு மேலிருந்து கீழே வரிசையாக அச்சடித்திருந்தது. அதோடு நின்று சபையைப் பார்த்துக் கும்பிடு வேறு போட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அம்மா பிய்த்தாள். பிய்த்தவள் குப்பையில் போடக் கூடாதா? சாப்பாட்டு மேசைக்கு எதிரே சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள். இரண்டாம் தடவை தட்டை நீட்டும்போது நான் அதைப் பார்க்க வேண்டுமாம்.

நீ மறுநாள் முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாய். டீ போட்டு வைத்தது ஆறிப் போனது. போன் செய்தால் "ம்", "சரிப்பா", "வேலை இருக்குப்பா". அகராதி ஆபீசில் நாள் முழுக்கச் சொற்களோடு புழங்குகிறவளுக்கு அப்பாவுக்கென்று செலவழிக்க மூன்றே மூன்று உருப்படிதானா? அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடிதத்தை நீ பாதியில் வைக்க முடியாது.

நம் கடையிலிருந்து போட்ட நாற்காலி குறைந்து போனது பற்றி உனக்கு வருத்தம் இருக்கும். என்ன செய்வது, அன்றைக்குப் பார்த்து வேன் பஞ்சர். முதல் நடையில் ஏற்றிய இருபதோடு நின்றுவிட்டது. இத்தனை பேர் வருவார்கள் என்று யார் கண்டது.

நீ பேசிய அந்த ஆங்கிலச் சொல், கன்வோக், இன்னும் காதிலேயே இருக்கிறது. கூட்டுவது என்றுதானே பொருள் சொன்னாய்? நேற்று அம்மாவிடம், "எல்லாரையும் சாப்பிட கன்வோக் பண்ணு" என்றேன். வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர். "கூட்டணும்னா விளக்குமாறு அங்க இருக்கு" என்றாள். கல்லூரிக் கான்வொகேஷனுக்கே வருஷா வருஷம் நாற்காலி போடுகிறவன் நான், எனக்கு இந்த மரியாதை.

பதில் எழுது.

அப்பா

ஜூன் 20

அப்பாவுக்கு,

வேன் பஞ்சர் ஆகவில்லை. கூட்டம் முடிந்த சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டபோது குடை எடுக்கக் குடோனுக்குப் போனேன். வேன் நான்கு சக்கரத்தில் நன்றாகவே நின்றது. அதற்குப் பின்னால் கூரை வரைக்கும் மடக்கு நாற்காலிகள் அடுக்கியிருந்தன. குடையை எடுக்க வழியில்லாமல் ஒரு வரிசையை நகர்த்த வேண்டியிருந்தது.

நீங்கள் கேட்டதற்குப் பதில். சாப்பிட யாரையும் கன்வோக் பண்ண முடியாது. நண்பர்களையும் முடியாது. அது அபூர்வமாக வருகிற, கொஞ்சம் விறைப்பான சொல். அழைப்பதற்கு உரிமை உள்ள ஒருவர், ஒரு சபையையோ குழுவையோ முறைப்படி அழைத்துக் கூட்டுவது. மன்னர் சபையைக் கூட்டினார், தலைவர் பொதுக்குழுவைக் கூட்டினார் என்கிற மாதிரி இடங்களில்தான் பொருந்தும். மேகம் தானாகக் கூடும், கடைத்தெருவில் ஜனம் தானாகக் கூடும். அதற்கெல்லாம் இந்தச் சொல் வராது. கான்வொகேஷன் இதன் சொந்தம்தான். இதையெல்லாம் அன்றைக்கு ஒரு மணி நேரம் சொன்னேன். நீங்கள் மைக் வயரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அப்பா, நான் நாற்காலிக் கடையில் வளர்ந்தவள். வீட்டுப்பாடமே கவிழ்த்துப் போட்ட நாற்காலி மேல் வைத்துத்தான் எழுதினேன். எந்தக் கூட்டத்துக்கு நீங்கள் எத்தனை போடுவீர்கள், ஏன் போடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். எத்தனை பேர் வருவார்கள் என்று மனசுக்குள் ஒரு கணக்கு, அதில் பாதிதான் முதலில் இறக்குவீர்கள். பல் டாக்டர் கிளினிக் திறந்ததற்கு நூறு போட்டீர்கள். பக்கத்துத் தெரு மாவு மில்காரர் பேரனுக்குப் பிறந்த நாள், அதற்கு அறுபது. நான் மேடை ஏறியதும் ஆட்களைப் பார்க்கவில்லை. நாற்காலியைத்தான் பார்த்தேன். என்னைப் பற்றி அப்பா போட்ட கணக்கு அங்கே நான்கு வரிசையாக நின்றது.

எனக்குப் பாடம் எடுத்த ஆங்கில டீச்சர் முழு நேரமும் சுவரில் சாய்ந்து நின்றார். கைத்தடியோடு ஒரு தாத்தா வந்தார், உட்கார இடம் தேடினார், நான் ஆரம்பிப்பதற்கு முன்பே திரும்பிப் போனார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் வணக்கம் சொன்னேன்.

அம்மா உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும்.

மகள்

ஜூன் 27

அன்புள்ள வாயாடிக்கு,

வேன் பொய். குடோனில் குடை வைத்தவனும் நானே, மாட்டிக்கொண்டவனும் நானே. இந்தச் சாமர்த்தியத்தில்தான் இத்தனை வருஷம் கடை நடத்துகிறேன்.

நூலகர் அம்மா கடைக்கே வந்து, நூற்றைம்பது போட்டுடுங்க, நல்ல கூட்டம் வரும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். பார்த்துக்கலாம்மா என்றேன். அவர் நூலகத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் நம்பியிருப்பேனா, அதுவும் தெரியாது.

நான் ஏன் குறைத்துப் போடுகிறவன் ஆனேன் என்று உனக்குச் சொன்னதில்லை. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு பெரிய அதிகாரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். பாராட்டு விழா. இருநூறு நாற்காலி கேட்டார்கள், போட்டேன். வந்தது பத்துப் பன்னிரண்டு பேர். நம் நாற்காலியில் முதுகு சாய்கிற தகட்டின் முன்பக்கம் கடை போன் நம்பர் பெயின்ட்டில் எழுதியிருக்கும், தெரியுமே. ஆள் உட்கார்ந்தால் மறையும், ஆள் இல்லாவிட்டால் மேடைக்குப் பளிச்சென்று தெரியும். விளம்பரம் என்று நான்தான் அப்படி எழுத வைத்தேன், என் மூளை அப்படி. அந்த மனிதர் மாலையும் கழுத்துமாக இரண்டு மணி நேரம் அந்த நம்பரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் கடை போன் அடித்தது. அவர்தான். "உங்க நம்பர் எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சுங்க" என்றார். அவ்வளவுதான், வைத்துவிட்டார். திட்டியிருந்தால் நான் மறந்திருப்பேன்.

அன்றிலிருந்து, ஆட்கள் நின்றால் கூட்டம், காலி நாற்காலி தெரிந்தால் அவமானம் என்று ஆகிவிட்டது எனக்கு. உனக்கு அப்படி ஒன்று நடந்துவிடக் கூடாது என்றுதான் குறைத்தேன். இதை நம்பு.

அந்தக் கைத்தடித் தாத்தா யார் என்று விசாரித்தேன். தபால் ஆபீசுக்குப் பின்னால் இருக்கிறார். போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்கலாம் என்று கிளம்பி, அவர் வீட்டு வாசல் வரை போய், சாமான் விற்க வந்தவன் மாதிரி நின்றுவிட்டுத் திரும்பினேன்.

அப்பா

ஜூலை 8

அப்பாவுக்கு,

அந்த அதிகாரி கதை எனக்குத் தெரியாது. இரண்டு தடவை படித்தேன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு அவமானம் வரக் கூடாது என்றா, அந்த நம்பருக்கு வரக் கூடாது என்றா?

இங்கே என் நிலைமையும் சிரிப்பாகத்தான் இருக்கிறது. உங்கள் கன்வோக் இன்னும் முடியவில்லை. பொருள் எழுதிவிட்டேன். எடுத்துக்காட்டு வாக்கியம்தான் அமையவில்லை. மன்னர், தலைவர், ஆணையர் என்று நான் எதைக் கொண்டு போனாலும் எடிட்டர் அம்மா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உயிரே இல்லையேம்மா, ஸ்டாம்ப் ஒட்டின மாதிரி இருக்கு" என்று திருப்பித் தருகிறார். மூன்று வாரமாக ஒரு வாக்கியம். பக்கத்து மேசைக்காரர் இதற்குள் ஒரு எழுத்தையே முடித்துவிட்டார்.

அந்தச் சொல்லைப் பிரித்தால் உள்ளே இரண்டு லத்தீன் துண்டு. ஒன்றாக, கூப்பிடு. சேர்ப்பது, திரட்டுவது, குவிப்பது எதிலும் சத்தம் தேவையில்லை. இதில் மட்டும் யாரோ ஒருவர் வாய் திறந்து கூப்பிட்டாக வேண்டும். கூப்பிடுகிற ஆள் இல்லாமல் இந்தச் சொல்லே கிடையாது.

நூலகர் அம்மாவுடன் போனில் பேசினேன். கடைக்கு வருகிறவர்களிடமும் தெருவிலும் சொல்லுங்கள் என்று உங்களிடம் கேட்டுக்கொண்டாராம். சரி என்றீர்களாம். அன்று வந்தவர்களில் நம் தெரு ஆட்கள் யாரையுமே நான் பார்க்கவில்லை. அப்பா, நீங்கள் ஒருத்தரையாவது கூப்பிட்டீர்களா?

அகராதி வெளியீடு ஆகஸ்ட் 23. என்னையும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு சொல்லை எப்படி எழுதுகிறோம் என்று காட்ட வேண்டுமாம். நான் இதையே எடுத்துக்கொண்டேன். அம்மாவை அவசியம் வரச் சொல்லுங்கள். நீங்களும் வருவதானால் வாருங்கள். நாற்காலி மண்டபத்தில் இருக்கிறது, நீங்கள் எதுவும் கொண்டு வர வேண்டாம்.

மகள்

ஜூலை 15

வாயாடிக்கு,

ஒருத்தரையும் கூப்பிடவில்லை.

இதை எழுதிவிட்டு நான்கு நாள் கடிதத்தை மேசை டிராயரில் போட்டு வைத்திருந்தேன். மீதியையும் எழுதாவிட்டால் நீ இன்னொரு குடை எடுக்கப் போய்க் கண்டுபிடித்துவிடுவாய்.

கூப்பிடத்தான் போனேன். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு டீக்கடையில் நம் ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். மில்காரர், டைலர், எலக்ட்ரீசியன் மாமா. என் பொண்ணு நூலகத்துல பேசுறா என்று ஆரம்பித்தேன். எதைப் பற்றி என்றார் டைலர். ஒரு சொல்லைப் பற்றி என்றேன்.

"ஒரு சொல்லுக்கு ஒரு மணி நேரமா? எங்க வீட்டுல ஒரு மணி நேரத்துல ஆயிரம் சொல்லு வாங்குறேன்யா நான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.

சிரித்தது மட்டுமில்லை. "என்ன பண்றது, படிக்க வச்சதுக்குத் தண்டனை, நானே வாசல் பக்கமா உட்கார்ந்துக்கலாம்னு இருக்கேன்" என்றேன். இன்னும் நன்றாகச் சிரித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. நாம் சொன்னதற்கு நான்கு பேர் சிரித்தால் எனக்கு எப்போதுமே பிடிக்கும், அது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு, வாங்க என்று எந்த முகத்தோடு சொல்வது?

நீ கேட்டாயே, உனக்காகவா நம்பருக்காகவா என்று. போன கடிதத்தில் இதை நம்பு என்று எழுதினேன். நம்ப வேண்டாம். காலி நாற்காலி தெரிந்தால் டீக்கடையில் மறுநாள் என்னைத்தான் ஓட்டுவார்கள் என்று நினைத்தேன். அது ஒன்று. இன்னொன்று, நாற்பது பேருக்கு மேல் வர மாட்டார்கள் என்றும் நினைத்தேன். என் பிள்ளை பேசுவதைக் கேட்க யார் வரப் போகிறார்கள் என்று.

அம்மாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டினேன். ஸ்டிக்கரைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டாள். இனிமேல் கேலி செய்கிற அளவுக்குக்கூட நான் இல்லை போலிருக்கிறது.

23 அன்று வருகிறோம். பழைய பேன்ட்தான்.

அப்பா

ஆகஸ்ட் 27

அன்புள்ள அப்பாவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று அம்மா சொன்னாள். அதற்கு மேல் எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறாள். "உங்கப்பாவையே கேளு" என்கிறாள். அதனால் கேட்கிறேன்.

ஜூலையில் நீங்கள் எழுதியதற்கு நான் பதில் போடவில்லை. கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நாள் கோபமாகத்தான் இருந்தது. அப்புறம், நீங்கள் அந்த டீக்கடையில் சிரித்தபடி நிற்பதை நினைத்துப் பார்த்தேன். உங்கள் சிரிப்பு எனக்குத் தெரியும், அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அன்றைக்கு மண்டபத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் நாற்காலியைத்தான் எண்ணினேன். முந்நூறு மடக்கு நாற்காலி, மெத்தை வைத்தது, வந்திருந்தது முப்பது பேர்கூட இல்லை. எடிட்டர் அம்மா கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். முதல் ஆள் பேசி முடித்தார். என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் மைக் முன்னால் வந்து முதல் வரிசையைப் பார்த்தால், அம்மா பக்கத்தில் உங்கள் நாற்காலி காலி.

அப்பா, உண்மையைச் சொல்கிறேன். பார்க்கப் பொறுக்காமல் எழுந்து போய்விட்டீர்கள் என்று நினைத்தேன். இந்தத் தடவையும் என்னால் உங்களுக்குத் தலைகுனிவு என்று. முதல் இரண்டு வாக்கியம் என்ன பேசினேன் என்று எனக்கே தெரியாது.

அதற்குப் பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஒருவர். காய்கறிப் பையோடு ஒரு அம்மா, பையை மடியில் வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டார். சுண்ணாம்பும் பெயின்ட்டும் அப்பின உடுப்போடு இரண்டு பேர் வந்து, மெத்தை அழுக்காகிவிடும் என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள். அப்புறம் இன்னும் சிலர். மொத்தம் பெரிய கூட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் வந்தவர்கள் எழுந்து போகவில்லை. கூப்பிடுகிற குரல் இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது என்று நான் சொன்னபோது அந்தப் பெயின்டர்களில் ஒருவர் பக்கத்து ஆளைத் தட்டி ஏதோ சொன்னார், இரண்டு பேரும் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். எடிட்டர் அம்மா, "யாரும்மா இவங்க எல்லாம், வழி தப்பி வந்துட்டாங்களா?" என்று கேட்டார்.

முடிந்த பிறகு நீங்கள் வந்தீர்கள். சட்டை நனைந்திருந்தது, தொண்டை கட்டியிருந்தது. எங்கே போனீர்கள் என்று கேட்டதற்கு, "காத்தாட நின்னேன்" என்றீர்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டீர்கள்.

எங்கே போனீர்கள்?

வாயாடி

செப்டம்பர் 4

அன்புள்ள வாயாடிக்கு,

கடிதத்தின் அடியில் நீ போட்ட கையெழுத்தை அம்மாவிடம் காட்டினேன். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து பார்த்தாள். அப்புறம் எனக்கு இன்னொரு தடவை டீ கிடைத்தது.

நடந்ததைச் சொல்கிறேன். அந்த மண்டபத்தில் நுழைந்ததும் என் கை அரிக்க ஆரம்பித்தது. அத்தனை காலி நாற்காலியை ஆயுசில் சும்மா விட்டதில்லை நான். முதல் ஆள் பேசும்போது மெல்ல எழுந்து பின் வரிசைக்குப் போனேன். மூன்று நாற்காலியைச் சத்தம் இல்லாமல் மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டேன். நாலாவதை மடக்கும்போது உன் பெயரைச் சொன்னார்கள். நிமிர்ந்து பார்த்தேன். நீ மைக் முன்னால் வந்து முதல் வரிசையைப் பார்த்தாய். நான் உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தை. உன் முகம் போன போக்கை அந்தத் தூரத்திலிருந்தே பார்த்தேன்.

என் கையில் பாதி மடங்கின நாற்காலி. மறுபடியும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. ஓடி வந்து உன் எதிரே உட்கார்ந்திருக்கலாம். வெட்கம் விடவில்லை. நாலையும் விரித்துப் பழைய இடத்தில் போட்டுவிட்டு வெளியே போனேன்.

வாசல் கேட்டில் செக்யூரிட்டி ஒருவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே பஸ் ஸ்டாப், பக்கத்துக் கட்டடத்துக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் நடைபாதையில் நின்று கூப்பிட்டேன். முதல் தடவை குரலே வரவில்லை. இருமல்தான் வந்தது. ஒரு அம்மா பயந்து பையை மறுபக்கம் மாற்றிக்கொண்டார். அப்புறம் வந்தது. "உள்ளே ஒரு சொல்லைப் பத்திப் பேசுறாங்க, வாங்க, வந்து கேளுங்க. உட்கார இடம் இருக்கு" என்றேன். நம் கடைக்கு இத்தனை வருஷத்தில் நான் இப்படிக் கூவினது இல்லை.

பாதிப் பேர் என்னைப் பார்க்காத மாதிரி போனார்கள். ஒருவர் சில்லறை எடுத்து நீட்டினார். பஸ் வர நேரமாகும் என்று பை அம்மா உள்ளே போனார். ஹெல்மெட்காரர், உள்ளே பேன் இருக்கா என்று கேட்டுவிட்டுப் போனார். பெயின்டர்கள் சாரத்திலிருந்து இறங்கி டீக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். "ஒரு சொல்லைப் பத்தியா? எவ்வளவு நேரம்?" என்றான் ஒருத்தன். ஒரு மணி நேரம் என்றேன். அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான்.

நீ பேசியது முழுக்கக் கேட்டது. வாசலுக்கு மேலே ஒரு ஸ்பீக்கர் இருந்தது. இந்தத் தடவை வயரைப் பார்க்கவில்லை. கூப்பிட உரிமை உள்ளவர்தான் கூப்பிட முடியும் என்று நீ சொன்ன இடத்தில் மட்டும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டேன்.

செக்யூரிட்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "ரொம்ப நேரமா கத்துறீங்களே சார், பேசுறவங்களுக்கு நீங்க யாரு?" என்று கேட்டார்.

வாய் வரைக்கும் வந்தது. என்னைத் தெரிந்தவர்கள் நடுவில் சொல்ல வேண்டிய நேரத்தில் சிரித்துத் தொலைத்துவிட்டு, யாரென்றே தெரியாதவரிடம் சொல்லி நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள நாக்கு எழவில்லை. நாற்காலிக்காரன் என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைக் குடித்தேன். அந்தத் தண்ணீரோடு சேர்த்து நான் விழுங்கினது இதுதான்:

பேசுறது என் பொண்ணு.